சிறுபகுதி மதிப்பீடு: இதில் ‘பரப்பளவு’ எங்கிருந்து வந்தது?

அண்மையில் ஒரு பயிலரங்கில் பேச்சாளர், ஆங்கிலத்தில் ‘ஸ்மால் ஏரியா எஸ்டிமேஷன்’ (small area estimation) எனப்படும் புள்ளியியல் முறையைச் ‘சிறு பரப்பளவு மதிப்பீடு’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பக்கத்தில் இருந்த பெரியவர் என்னிடம் கேட்டார்: “பத்திரப்பதிவு வழிகாட்டி மதிப்பைப் பற்றியா பேசுகிறார்?” அவர் மீது ஒரு பிழையும் இல்லை. பரப்பளவு என்றும் மதிப்பீடு என்றும் சேர்த்துச் சொன்னால் தமிழனுக்கு நிலமும் விலையும்தான் நினைவுக்கு வரும். அதன்பின் ஓர் அறிக்கையின் தமிழாக்கத்திலும் ஒரு கட்டுரையிலும் அதே தொடரைப் பார்த்துவிட்டேன். இனியும் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் பொருள். மாதிரி ஆய்வுகளில் மாநிலம் முழுவதற்கும் நம்பத்தக்க எண் கிடைக்கும் அளவுக்கு வீடுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். அதே தரவை வட்டம், ஒன்றியம் என்று பிரித்தால் ஓரிடத்தில் பத்து வீடு இருக்கும், இன்னோரிடத்தில் ஒன்றும் இராது. அந்தப் பத்து வீட்டை வைத்து வறுமை விகிதம் சொல்ல முடியாது. எனவே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அரசுப் பதிவேடுகள், செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றின் துணையோடும், ஒத்த தன்மையுள்ள பிற இடங்களின் தரவோடும் சேர்த்து ஒரு புள்ளியியல் மாதிரியுரு (மாடல்) அமைத்து எண்ணைக் கண்டடைவார்கள். அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களின் தலைக்கு வருமானத்தை இப்படிக் கண்ட ஃபே, ஹெரியட் இருவரின் 1979 ஆம் ஆண்டுக் கட்டுரை இத்துறையில் இன்றும் அடிப்படை.

ஆங்கிலத்து ‘ஏரியா’ லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அது வெறும் தரையையும் கதிரடிக்கும் களத்தையும் குறித்தது. பிறகு இடம் என்ற பொருளும் அந்த இடத்தின் அளவு என்ற பொருளும் தனித்தனியே கிளைத்தன. பள்ளிக் கணக்கில் முக்கோணத்துக்கு வருவது இரண்டாவது பொருள். நமக்கு வேண்டியது முதலாவது. ஒருவரிடம் “எந்த ஏரியா?” என்று கேட்டால் மயிலாப்பூர் என்பார், இத்தனை சதுர அடி என்று சொல்லமாட்டார். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த இந்த வேறுபாடு மொழிபெயர்ப்பாளரின் மேசையில் மட்டும் ஏன் காணாமல் போகிறது?

பரப்பு என்பது பரந்து கிடப்பது. நீள அகலம் உடையது. யாழ்ப்பாணத்தில் அது நில அளவின் பெயரே: பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ‘சிறு பரப்பு மதிப்பீடு’ என்று அங்கே எழுதினால் வீட்டுக்காணி விலை பேசுவதாகத்தான் படும்.

இதைவிடப் பெரிய குழப்பம் ‘சிறு’ என்ற அடையில் இருக்கிறது. இங்கே சிறியது நிலம் அல்ல, அங்கிருந்து கிடைத்த மாதிரி. 2011 கணக்கெடுப்பின்போது லே மாவட்டம் 45,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்திருந்தது. மக்களோ ஒன்றரை லட்சம்கூட இல்லை. அன்றைய சென்னை மாவட்டம் ஏறத்தாழ 175 சதுர கிலோமீட்டர். மக்கள் 46 லட்சம். மக்கள்தொகை விகிதத்தில் வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வில் லேதான் ‘சிறு’ பகுதி. ‘சிறு பரப்பளவு’ என்று படிப்பவர் சென்னையைத்தான் சுட்டுவார். நேர் எதிரான பொருளைத் தரும் சொல்லை எப்படி ஏற்பது?

இன்னொன்று. 1988 இல் பேட்டிஸ், ஹார்ட்டர், ஃபுல்லர் மூவரும் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 12 கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) மக்காச்சோளமும் சோயாவும் எவ்வளவு நிலத்தில் பயிராகியுள்ளன என்று செயற்கைக்கோள் தரவின் துணையோடு மதிப்பிட்டார்கள். அங்கே உண்மையாகவே அளக்கப்பட்டது பரப்பளவு. அளவு கூறப்பட்டது கவுண்டி என்ற பகுதிக்கு. அதைத் தமிழில் எழுத வேண்டியவர் ‘பயிர்ப் பரப்பளவின் சிறு பரப்பளவு மதிப்பீடு’ என்று எழுதுவாரா?

என் தேர்வு ‘பகுதி’. பகு என்ற வேரிலிருந்து வந்தது. தொகு என்பதிலிருந்து வந்த தொகுதிக்கும் தொகைக்கும் இணை. முழுத்தொகையைப் பகுத்தால் கிடைப்பது பகுதி. நடப்பதும் அதுதான். ‘வட்டாரம்’ என்று சொன்னால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். தமிழ்நாட்டில் அது ஒன்றியம், இலங்கையில் உள்ளூராட்சித் தேர்தல் அலகு, பொதுச்சொல்லாக நிற்காது. மேலும் மீனவக் குடும்பங்கள், எண்பது வயது கடந்தோர் என நிலத்தோடு ஒட்டாத பிரிவுகளுக்கும் இதே முறை பயன்படுகிறது. பகுதி அவற்றையும் தாங்கும்.

‘மதிப்பீடு’ வேண்டாம், ‘கணிப்பு’ என்போம் என்பவர்கள் இருக்கிறார்கள். விடைத்தாள் மதிப்பீட்டோடு குழம்பும் என்ற அவர்கள் கவலை நியாயமானதே. ஆனால் கணிப்பு வானிலைக்கும் தேர்தலுக்கும் ஜாதகத்துக்கும் உரியது. இனி வரப்போவதைச் சொல்வது. இங்கே தேடுவதோ இப்போதே இருப்பதை, எண்ணி முடிக்காத ஒன்றை. கண்மதிப்பு, குத்துமதிப்பு என்று இந்தப் பொருளை நம் மொழி எப்போதோ வைத்திருக்கிறது.

இதைச் சொல் சண்டை என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு செய்தி. தேசிய குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கைகளில் அட்டவணையின் சில கட்டங்களில் எண்ணுக்குப் பதில் உடுக்குறி (*) இருக்கும். 25 பேருக்கும் குறைவானவர்களிடமிருந்தே விடை கிடைத்தது என்று பொருள். ஐந்தாம் சுற்று 2017 மார்ச் மாத எல்லைப்படி 707 மாவட்டங்களை எடுத்துக்கொண்டது. 2019 இல் பிறந்த தென்காசிக்கு அதில் தனிப் பக்கமே இல்லை. அந்தச் சுற்றைக் கொண்டு அங்கே ஊட்டச்சத்துத் திட்டம் வகுத்தவர் திருநெல்வேலியின் எண்ணை வைத்துத்தான் வகுக்க வேண்டியிருந்தது. 2025 ஜனவரி முதல் தேசிய மாதிரி ஆய்வுகளில் மாவட்டமே அடிப்படை அடுக்கு, அதாவது மாதிரியைத் தேர்ந்தெடுக்கும் அடிப்படைப் பிரிவு, ஆகியிருக்கிறது. நல்லது, ஆனால் ஒன்றியத்துக்கு இறங்கினால் மீண்டும் இந்த மதிப்பீடுதான் துணை. இலங்கையில் 2012/13 குடும்ப வருமான, செலவின ஆய்வையும் 2012 குடிசன மதிப்பையும் (மக்கள்தொகைக் கணக்கெடுப்பு) இணைத்துப் பிரதேச செயலாளர் பிரிவு வாரியாக வறுமையைக் காட்டியதும் இம்முறையே. இந்த எண்களைக் கொண்டு பணம் ஒதுக்கப்படுகிறது. பெயரே புரியாத எண்ணை ஓர் ஊராட்சித் தலைவர் எப்படிக் கேள்வி கேட்பார்?

மொழிபெயர்ப்பாளர்களிடம் இன்னொரு குறையும் உண்டு. பிற தரவுகளின் துணையைச் சேர்த்துக்கொள்ளும், இம்முறையின் உயிர்நாடியான உத்தியை ‘வலிமையைக் கடன் வாங்குதல்’ என்று ஆங்கிலச் சொற்களை வரிசையாக மாற்றிப் போட்டு எழுதுகிறார்கள். கடன் என்றால் திருப்பித் தர வேண்டும். இங்கே யாருக்கும் எதுவும் திரும்பாது. ‘துணைத்தரவால் வலுவூட்டல்’ என்று எழுதிப் பாருங்கள். எந்தத் தரவு, எந்த ஆண்டினது என்று படிப்பவர் உடனே கேட்பார். கேட்க வேண்டிய கேள்வி அதுவே.