மூன்று மணி நேரத்துக்குள் மாரத்தான்: எந்த நாள் சேர்ந்து ஓடுவது, எந்த நாள் பிரிந்து ஓடுவது

மாரத்தான் தூரம் 42.195 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு 4 நிமிடம் 16 வினாடி என்று பிசகாமல் ஓடினால் 3:00:02-க்கு முடியும். மூன்று மணி இலக்கு இரண்டு வினாடியில் கைநழுவிப் போகும். அதனால் 'சப்-3' ஓட நினைப்பவர்கள் மனதில் வைத்திருக்கும் எண் 4:15. அந்த வேகத்தில் முடிவு நேரம் 2:59:20. தொடக்க நெரிசல், தண்ணீர் மேசையில் தடுமாற்றம், அவிழ்ந்த ஷூ கயிறு என எல்லாவற்றுக்கும் சேர்த்து கையிருப்பு 40 வினாடிதான்.

கைக்கடிகாரம் காட்டும் 4:15-ஐயும் அப்படியே நம்ப முடியாது. பந்தயப் பாதையை அளப்பவர்கள், ஓடக்கூடிய மிகக் குறுகிய கோட்டில் சைக்கிளில் அளக்கிறார்கள். தூரம் குறைந்துவிடக் கூடாது என்று 0.1 சதவீதம், அதாவது 42 மீட்டர், கூட்டியும் வைக்கிறார்கள். கூட்டத்துக்கு நடுவே ஓடுபவருக்கு அந்தக் கோடு கிடைக்காது. ஜிபிஎஸ் பிழையும் சேர்ந்துகொள்ளும். முடிவில் கடிகாரம் 42.5 கி.மீ. காட்டுவது சாதாரணம். அப்படியானால் வழியெல்லாம் அதில் 4:13 தெரிய வேண்டும்.

சென்னையில் வேலை, வீடு, பிள்ளைகள் என்று இருப்பவர்கள் ஜனவரி மாதத்துச் சென்னை, மும்பை மாரத்தான்களைக் குறிவைத்து செப்டம்பரில் பயிற்சியைத் தொடங்குகிறார்கள். 18 வாரம், வாரத்துக்கு 70 முதல் 90 கி.மீ., பெரும்பாலும் ஐந்தாறு பேர் கொண்ட குழு. காலை நான்கரை மணிக்கு ஒருவர் காத்திருக்கிறார் என்பதே படுக்கையை விட்டு எழுப்பிவிடும். அந்தப் பலனை எல்லோரும் அறிவார்கள். ஆனால் உடலுக்குள் நடப்பதைக் கணக்கிட்டால், சேர்ந்து ஓடுவது வாரத்தில் இரண்டு, மூன்று நாள்தான் உதவுகிறது. மற்ற நாள்களில் அதே குழு காலை வாரிவிடுகிறது.

முதலில் யார் அந்தக் குழுவில் இருக்கலாம் என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பொறியாளர் பீட் ரீகல் 1977-இல் ஓர் எளிய சூத்திரம் தந்தார்: தூரம் இரட்டிப்பானால் நேரம் 2-இன் 1.06-ஆம் அடுக்கு, அதாவது சுமார் 2.085 மடங்காகும். இதன்படி மூன்று மணி மாரத்தானுக்கு ஈடானது 1:26:20 அரை மாரத்தான், 10 கி.மீ.க்கு 39 நிமிடம் சொச்சம். போதிய தூரம் ஓடிப் பழகியவருக்குத்தான் இது பொருந்தும். வாரம் 60 கி.மீ. ஓடும் ஒருவர் 1:26-ஐ நம்பிக் களமிறங்கினால் பெரும்பாலும் 35-ஆவது கி.மீ.யில் தடுமாறுவார், 1:24 அல்லது 1:25 கையில் இருந்தால்தான் நிம்மதி. ஆர்வத்தைப் பார்த்துக் குழுவில் சேர்க்காமல் அண்மை அரை மாரத்தான் நேரத்தைப் பார்த்துச் சேர்ப்பது எல்லோருக்கும் நல்லது.

30 கிலோமீட்டரில் என்ன தீர்ந்துபோகிறது?

ஓட்டத்துக்குச் செலவாகும் ஆற்றல், உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 1 கிலோ கலோரி. 65 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் முழுவதும் சுமார் 2,740 கிலோ கலோரி. 4:15 வேகத்தில் இதன் பெரும்பகுதி மாவுச்சத்திலிருந்துதான் வந்தாக வேண்டும். கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து எரியாது. மாவுச்சத்தின் இருப்போ கல்லீரலில் சுமார் 100 கிராம், எல்லாத் தசைகளிலும் சேர்த்து 400 கிராம் கிளைக்கோஜன். மொத்தம் 2,000 கிலோ கலோரி. அதிலும் ஒரு சிக்கல் உண்டு: தசைக்குள் இருக்கும் கிளைக்கோஜன் ரத்தத்துக்குத் திரும்ப வராது. அதற்கு வேண்டிய நொதி தசையில் இல்லை. தோளிலும் கையிலும் மிச்சமிருப்பது, தொடை காலியாகும்போது உதவிக்கு வராது. ஓட்டக்காரர்கள் 'சுவர்' என்று சொல்லும் அந்த 30, 32-ஆவது கி.மீ. இப்படித்தான் வருகிறது. பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் ஆகிய ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1960-களில் தசையிலிருந்து ஊசியால் சிறு துணுக்கு எடுத்து, கிளைக்கோஜன் குறைவதையும் உணவுக்குப் பின் முன்னைவிட அதிகமாக நிரம்புவதையும் நேரடியாக அளந்து காட்டினார்கள்.

பயிற்சியின் வேலை, அதே வேகத்தில் கொழுப்பின் பங்கைக் கூட்டி, கிளைக்கோஜன் செலவைக் குறைப்பது. தசை நார்களில் ஆற்றல் உண்டாக்கும் நுண்ணுறுப்புகளான மைட்டோகாண்ட்ரியா பெருகினால் இது நடக்கும். ஜான் ஹொலோசி 1967-இல் எலிகளை வாரக்கணக்கில் ஓடவைத்து, அவற்றின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகள் இரட்டிப்பானதைக் கண்டார். இதற்கு வேண்டியது நிறைய நேரம், குறைந்த வேகம். சப்-3 ஓட்டக்காரருக்கு அது 5:10 முதல் 5:45 வரையிலான 'ஈஸி ரன்'. தலைசிறந்த நெடுந்தூர வீரர்களே பயிற்சியில் சுமார் 80 சதவீதத்தை இப்படி மெதுவாகச் செய்வதை ஸ்டீபன் சைலர் போன்ற ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஈஸி ரன்னில் குழு செய்யும் சேதம்

குழுவில் ஒருவர் அரை அடி முன்னே போவார். பக்கத்தில் இருப்பவர் அறியாமலே அதைச் சமன் செய்வார். மறுபடி அரை அடி. 5:30-இல் தொடங்கியது பத்தாவது கி.மீ.யில் 4:55 ஆகிவிடும். யாரும் வேகம் கூட்டியதாக உணர மாட்டார்கள். த்ரெஷோல்டு வேகம், அதாவது கால் கனக்காமல் தாக்குப்பிடிக்கக்கூடிய உச்ச வேகம், 4:00 உள்ளவருக்கு 4:55 இன்னும் சுகமான ஓட்டம்தான். அதே த்ரெஷோல்டு 4:20 உள்ளவருக்கு அது பாதிக் கடினமான ஓட்டம். அவருடைய வேகத் தசை நார்களும் வேலைக்கு இழுக்கப்படுகின்றன, கிளைக்கோஜன் கரைகிறது. தசையில் அது முழுமையாக நிரம்ப 24 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். திங்கள்கிழமை இப்படி ஓடியவர் செவ்வாய் இன்டர்வலில் (வேக ஓட்டமும் மெல்லோட்டமும் மாறி மாறி வரும் பயிற்சி) மூன்றாவது சுற்றிலேயே பின்தங்குவார். தனக்குத் திறமை போதவில்லை என்று எண்ணிக்கொள்வார். உண்மையில் போதாமல் போனது முந்தைய நாள் ஓய்வு. கூட்டுப் பயிற்சியில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான், மிகக் குறைவாகக் கவனிக்கப்படுவதும் இதுதான்.

தீர்வு எளிது. ஈஸி நாளில் தனியாக ஓடலாம். சேர்ந்துதான் ஓட வேண்டும் என்றால் குழுவில் மெதுவானவர் முன்னே போகட்டும், அவரை யாரும் தாண்டக் கூடாது. மூச்சு இரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதே அளவுகோல். அவரால் பேச முடியவில்லை என்றால் வேகம் தவறு.

தூரத்தை ஏற்றும் அளவும் ஆளுக்கு ஆள் மாறும். வாரம் 50 கி.மீ. ஓடி வந்தவர் குழுவோடு சேர்ந்து நான்கே வாரத்தில் 85-க்குத் தாவினால் நுரையீரலும் இதயமும் ஈடுகொடுத்துவிடும், எலும்பு ஈடுகொடுக்காது. அழுத்தம் கூடும்போது எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. இடைப்பட்ட சில வாரங்கள் அது முன்பைவிடப் பலவீனமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சேர்ந்தே ஓட வேண்டிய நாள்கள்

வாரத்தில் இரண்டு கடினமான நாள், ஒரு லாங் ரன். செவ்வாய்க்கிழமை 1,000 மீட்டர் ஐந்து முறை, ஒவ்வொன்றும் 3:45 முதல் 3:50, இடையில் 400 மீட்டர் மெல்லோட்டம். வியாழக்கிழமை டெம்போ: 3 கி.மீ. மூன்று முறை, 4:00 முதல் 4:05 வேகத்தில், இடையே இரண்டு நிமிடம் மெல்லோட்டம்.

டெம்போவுக்கு இவ்வளவு குறுகிய வேக வரம்பு ஏன்? தசைகள் எப்போதும் லாக்டேட்டை உண்டாக்குகின்றன. இதயமும் மற்றத் தசை நார்களும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. உண்டாவதும் எரிவதும் சமமாக இருக்கும் உச்ச வேகம்தான் த்ரெஷோல்டு. அதை ஒட்டி ஓடும்போது இந்தச் சமநிலை பழகிப் பழகி மேலே நகர்கிறது. பத்து வினாடி வேகம் கூடினால் சமநிலை உடைந்து எட்டாவது நிமிடத்தில் கால் கனக்கும், பயிற்சி அரைகுறையாக முடியும். தனியாக ஓடுபவர் முதல் கி.மீ.யை 3:52-இல் ஓடிவிட்டுப் பின்னால் அல்லாடுவார். குழுவில் வேகம் பிசகாத ஒருவர் இருப்பார். அவரை முதல் சுற்றுக்கு முன்னே விட வேண்டும். பிறகு கி.மீ.க்கு ஒருவராக மாறலாம். பின்னால் வருபவர்களுக்கு வேகத்தை முடிவு செய்யும் பொறுப்பு இல்லை, அதனாலேயே அதே வேகம் எளிதாகத் தெரியும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் துடுப்புப் படகு வீரர்களிடம் நடந்து 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், தனியாகத் துடுப்புப் போட்ட பிறகு இருந்ததைவிடச் சேர்ந்து போட்ட பிறகு வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. செலுத்திய உழைப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

ஞாயிறு லாங் ரன் 28 முதல் 34 கி.மீ. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதில் கடைசி 12 முதல் 15 கி.மீ. மாரத்தான் வேகத்தில். இங்கே குழு தரும் இன்னொரு பலன் காற்றுத் தடுப்பு. பிரிட்டிஷ் உடலியலாளர் கிரிஃபித் பியூ 1971-இல் வெளியிட்ட சோதனையில், முன்னால் ஓடுபவருக்கு ஒரு மீட்டர் பின்னால் ஓடினால் காற்றை எதிர்க்கும் செலவில் 80 சதவீதம் மிச்சமாவதைக் கண்டார். 4:15 வேகம் என்பது வினாடிக்கு 3.9 மீட்டர், காற்றே வீசாத நாளில் அந்தச் செலவு சிறியதுதான். வினாடிக்கு 3 மீட்டர் எதிர்காற்று வந்தால் கதை வேறு. எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால் அது மூன்று மடங்காகும். டிசம்பரில் வடகிழக்குக் காற்று வீசும் காலையில் கலங்கரை விளக்கத்திலிருந்து நேப்பியர் பாலம் நோக்கி மெரினாவில் ஓடுபவர்கள் இதைக் காலிலேயே உணர்வார்கள். இரண்டிரண்டு பேராக வரிசை, முன்னவர் குதிகாலுக்கும் நம் முன்காலுக்கும் இடையே ஒரு மீட்டர், பார்வை அவர் இடுப்பில். இதைவிட நெருங்கினால் கால் கால் தட்டி விழ நேரும்.

சென்னையின் ஈரப்பதம்

4:15-இல் ஓடும் 65 கிலோ உடல் மணிக்கு சுமார் 900 கிலோ கலோரி செலவழிக்கிறது. அதில் முக்கால் பங்குக்கும் மேல் வெப்பம். ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். எனவே மணிக்கு 1.2 லிட்டராவது ஆவியாக வேண்டும். செப்டம்பர், அக்டோபர் விடிகாலையில் 26 டிகிரி, காற்றில் ஈரம் ததும்பும். மழைநாளில் கொடியில் போட்ட துணிபோல் உடம்பு காயாது. வியர்வை சொட்டி வீணாகும், தோலைக் குளிர்விக்க ரத்தம் திசைமாறும், அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு ஏறிக்கொண்டே போகும். நெருங்கிய கூட்டத்துக்குள் காற்றோட்டமும் குறையும் என்பதால் எதிர்காற்று இல்லாத வெக்கையான நாளில் ஒருவர் பின் ஒருவராக ஒட்டி ஓடுவதைவிடப் பக்கவாட்டில் பரவி ஓடுவதே மேல்.

அந்த மாதங்களில் மாரத்தான் வேகத்தைக் கடிகாரத்தில் தேடக் கூடாது. இதயத் துடிப்பைப் பார்த்து 4:25 என்றால் 4:25-தான். வெக்கையில் ஓடிய இரண்டு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, வியர்வையும் சீக்கிரம் தொடங்கும். 

தண்ணீர்க் கணக்கை ஒவ்வொருவரும் தனித்தனியே போட வேண்டும். இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு முன் 64 கிலோ, பின் துடைத்துவிட்டு நின்றால் 62.2 கிலோ, இடையில் குடித்தது 600 மில்லி. இழந்தது 2.4 லிட்டர், மணிக்கு 1.2 லிட்டர். அத்தனையையும் குடித்து ஈடுகட்ட முயல வேண்டாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு ரத்த சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. வழியில் நிறையக் குடித்து எடை கூடியவர்கள் இதில் அதிகம்.

ஓடும்போது விழுங்கும் மாவுச்சத்து ஜெல் விஷயத்தில் குழுவுக்கு ஒரே நேர அட்டவணை வைக்கலாம். குளுக்கோஸ் மட்டும் என்றால் குடல் மணிக்கு சுமார் 60 கிராம்தான் உறிஞ்சும். ஃபிரக்டோஸ் வேறு வழியில் போவதால் இரண்டும் கலந்தால் 90 வரை போகலாம். 25 கிராம் ஜெல் 6, 12, 18, 24, 30, 36-ஆவது கி.மீ.களில் தண்ணீரோடு. லாங் ரன்களில் பழகாத வயிறு பந்தயத்தில் இதை ஏற்காது.

கடைசி மூன்று வாரமும் பந்தயமும்

கடைசி நீண்ட ஓட்டம் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு. அதன்பின் தூரத்தைப் படிப்படியாக 40 முதல் 60 சதவீதம் குறைக்க வேண்டும். வேகமான ஓட்டங்கள் சுருங்கட்டும், அவற்றின் வேகம் குறையக் கூடாது. கால் புத்துணர்ச்சியாக இருப்பதால் இந்த வாரங்களில் ஒருவரை ஒருவர் சோதித்துப் பார்க்கும் ஆசை குழுவில் எழும். அடக்க வேண்டும்.

கடைசி இரண்டு நாள் எடை கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. 65 கிலோவுக்கு நாளொன்றுக்கு 520 கிராமுக்குக் குறையாமல். 100 கிராம் அரிசியில் சுமார் 78 கிராம் இருக்கிறது. சோறு, இட்லி, வாழைப்பழம், பழச்சாறு சேர்த்தால் எட்டிவிடலாம். கீரை, பயறு, நார் மிகுந்த காய் வேண்டாம். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் சுமார் 3 கிராம் நீரோடு சேமிக்கப்படுவதால் எடை ஒன்றரைக் கிலோ ஏறும். அது நல்ல அறிகுறி.

பந்தய நாளில் 5 கி.மீ. 21:15, 10 கி.மீ. 42:30, பாதித் தூரம் 1:29:40. உற்சாகத்தில் முதல் 10 கி.மீ.யை 41:20-க்கு ஓடும் குழு, 70 வினாடி சம்பாதித்ததாக நினைக்கும். த்ரெஷோல்டை நெருங்கி எரித்த கிளைக்கோஜனுக்கு 35-க்குப் பிறகு கி.மீ.க்கு 30, 40 வினாடி வீதம் திருப்பிக் கொடுக்கும். தண்ணீர் மேசைக்கு 50 மீட்டர் முன்பே ஒற்றை வரிசையாகி, முதல் மேசையில் மோதாமல் கடைசி மேசையில் எடுக்க வேண்டும். பின்தங்குபவருக்காக யாரும் காத்திருக்கக் கூடாது. அவரும் எட்டிப்பிடிக்கப் பாயக் கூடாது. பத்து வினாடி இடைவெளியை ஒரே மூச்சில் மூடுவதைவிட 4:20-இல் தன் ஓட்டத்தைக் காப்பாற்றுவது அவருக்கு மேல். இதை முந்தைய நாளே பேசி முடிவு செய்திருக்க வேண்டும். 32 கி.மீ. வரை சேர்ந்தே போகலாம், அங்கே கடிகாரம் 2:16:00-ஐ ஒட்டி இருக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொருவர் தசையிலும் மிச்சமிருப்பது வேறு வேறு என்பதால் அவரவர் வேகத்துக்குப் பிரிந்துவிடலாம்.