விடாத மழை, தீராத இருமல், சளைக்காத ஆள்

“அவள் ஒரு விடாமுயற்சியான பெண்.” இந்த வாக்கியத்தில் இதுதான் பிழை என்று சட்டென்று சுட்டிக்காட்ட முடியாது, பொருளும் புரிந்துவிடுகிறது, ஆனாலும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் எங்கேயோ இடிக்கிறது. பேச்சில் யாரும் இப்படிச் சொல்வதில்லை. “எடுத்த காரியத்தை விடமாட்டாள்” என்போம், அவ்வளவுதான். முதல் வாக்கியம் ஏன் இடிக்கிறது, இரண்டாவது ஏன் இயல்பாக விழுகிறது என்று பார்க்கப் போனால் தமிழில் பெயரடை எப்படி வேலை செய்கிறது என்பதே புரிந்துவிடும்.

நல்ல, பெரிய, சிறிய, புதிய மாதிரி பிறவியிலேயே பெயரடையாக இருக்கும் சொற்கள் தமிழில் கொஞ்சம்தான். மிச்சத்தை நாம் செய்துகொள்கிறோம், ஒரு பெயர்ச்சொல்லோடு ‘ஆன’ அல்லது ‘உள்ள’ சேர்த்தோ, ஒரு வினைச்சொல்லைப் பெயருக்கு முன்னால் வரும் பெயரெச்சமாக்கியோ (‘வந்த பையன்’ மாதிரி). இப்போது, நிற்காமல் தொடர்வதைக் குறிக்கும் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: விடாத, ஓயாத, தீராத, தளராத, அயராத, சளைக்காத, குன்றாத, மாறாத. அத்தனையும் வினையிலிருந்து வந்தவை, அத்தனையும் எதிர்மறை! ஆங்கிலத்தின் ‘பெர்சிஸ்டென்ட்’ என்ற சொல் நிற்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது, அதாவது அசையாமல் நிலைத்து நிற்பது. தமிழ் வேறு வழியில் போகிறது. எது நின்றுபோகக்கூடுமோ, எது கைநழுவிப் போகக்கூடுமோ அதை முதலில் சொல்லி, அது நடக்கவில்லை என்கிறது. 620ஆம் குறளில் விதியையே புறமுதுகு காட்ட வைப்பவர்களை வள்ளுவர் எப்படி அடையாளம் காட்டுகிறார்? “உலைவின்றித் தாழாது உஞற்றுபவர்”, அதாவது சோர்வு இல்லாமல், குறைவு இல்லாமல் முயல்பவர். உலைவு இன்றி, தாழாது, இரண்டுமே எதிர்மறைதான்.

சரி, எதிர்மறைக்கு அப்படி என்ன விசேஷம்? எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். உடன்பாட்டுப் பெயரெச்சம் காலம் காட்டாமல் வராது. பெய்த மழை, பெய்கிற மழை, பெய்யும் மழை என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். எதிர்மறைக்கு வந்தால் இந்த மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன: பெய்யாத மழை. நேற்றைக்கும் அதுதான், இன்றைக்கும் அதுதான், நாளைக்கும் அதுதான். ‘விடாத’ என்பதைப் பிரித்தால் விடு, ஆ, த், அ என்று வரும், அதில் ‘ஆ’ எதிர்மறை, கடைசி ‘அ’ பெயரெச்ச விகுதி, காலம் காட்டும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. முடிவு தெரியாமல் நீண்டுகொண்டே போகிற ஒன்றைச் சொல்ல, காலத்துக்குள் அடைபடாத வடிவத்தைவிடப் பொருத்தமானது எது? உடன்பாட்டில் சொல்ல நினைத்தாலும் நாம் எடுப்பது ‘தொடர் மழை’, ‘தொடர் தோல்வி’ போன்றவற்றைத்தான், அங்கேயும் இலக்கணம் வினைத்தொகை என்று பெயர் வைத்துக் காலம் மறைந்து நிற்கிறது என்கிறது. இரண்டு பக்கமும் காலமில்லாத சொல்லையே மொழி தேடிப் போயிருக்கிறது.

அடுத்தது, பெயரெச்சம் தனக்குப் பின்னால் வரும் பெயரோடு எப்படி ஒட்டுகிறது என்பது. ‘விடாத மழை’ என்றால் மழை விடவில்லை, விடவேண்டியது மழையேதான். ‘விடாத முயற்சி’ அப்படியில்லை. முயற்சி எதையும் விடுவதில்லை, யாரோ ஒருவர் முயற்சியை விடவில்லை, அந்த ஆள் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறார். வடிவத்தைப் பார்த்தால் இரண்டும் ஒன்று, ஆனால் ஒன்றில் பெயர்ச்சொல் எழுவாய், இன்னொன்றில் செயப்படுபொருள். அதனால்தான் ‘விடாமுயற்சியான மழை’ என்று எழுதினால் விசித்திரமாக இருக்கிறது, முயற்சியைக் கைவிடாத ஓர் ஆள் அந்த மழைக்குள் இல்லை. ‘விடாமுயற்சியான பெண்’ இடிப்பதும் ஏறக்குறைய இதே காரணத்தால்தான்: விடாமுயற்சி அவளிடம் இருக்கும் ஒன்று, அவளே விடாமுயற்சி ஆகிவிட முடியாது. ‘விடாமுயற்சி உள்ள பெண்’ என்றால் இடிப்பு போய்விடும்.

இந்தச் சொற்களில் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை அப்படியே பொருத்த முடியாது, ஏனென்றால் ஒவ்வொன்றும் வேறு வேறு விதமான நிற்றலை மறுக்கிறது. ஓய்வது என்றால் வேகம் அடங்கி நிற்பது, ஆகவே ஓயாத அலை, ஓயாத பேச்சு. தீர்வது என்றால் மிச்சமில்லாமல் முடிவது, ஆகவே தீராத கடன், தீராத தாகம், தீராத சந்தேகம். தளர்வது இறுக்கம் போவது, அது மனதுக்கும் நடைக்கும் பொருந்தும், அலைக்குப் பொருந்தாது. அயர்வது உயிருள்ளவர்கள் செய்வது, அதனால் அயராத உழைப்பு சரி, அயராத மழை கவிதையில் மட்டும் சரி. சளைப்பதில் எதிரே யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஒரு தடை இருக்கிறது, போட்டியில் பின்வாங்காதவரைத்தான் சளைக்காதவர் என்கிறோம். எது பொருந்தும் என்று குழப்பம் வந்தால் எதிர்மறையை எடுத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘தாகம் தீர்ந்தது’ என்போம், ஆகவே தீராத தாகம். ‘மழை அயர்ந்தது’ என்று யாரும் சொல்வதில்லை.

இது வெறும் நடை அழகு சம்பந்தப்பட்டது என்று நினைக்க வேண்டாம். மருத்துவரிடம் போய் ‘விடாத இருமல்’ என்றால் இடைவெளி இல்லாமல் இருமிக்கொண்டிருப்பதாக அவர் எடுத்துக்கொள்ளலாம், ‘தீராத இருமல்’ என்றால் மருந்து எடுத்தும் குணமாகவில்லை என்பது முன்னால் வருகிறது, ‘நீடித்த இருமல்’ என்றால் இத்தனை வாரமாக என்று கால அளவு பேசத் தோன்றும். மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி தலைகாட்டும் ‘நிலையான வலி’ என்பதை நான் ஏற்கவே மாட்டேன். நிலையானது என்றால் ஏறாமல் இறங்காமல் ஒரே மாதிரி இருப்பது. விட்டு விட்டு வந்தாலும் மாதக்கணக்கில் போகாத வலிக்கு அந்தச் சொல் தவறான தகவலையே தரும்.

பாராட்டா குறையா என்பதும் சொல்லிலேயே இருக்கிறது. விடாமுயற்சி பாராட்டு, பிடிவாதம் பெரும்பாலும் குறை, விடாப்பிடி இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, சொல்பவரின் குரலைப் பொறுத்து எந்தப் பக்கமும் சாயும். செயல் ஒன்றுதான், பெயர் வைப்பவர் எங்கே நிற்கிறார் என்பதுதான் மாறுகிறது. 1948இல் பிபிசி வானொலியில் பிரிட்டிஷ் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் இதையே ஒரு வாய்பாடு போலச் சொல்லிக் காட்டினார், தன்னைப் பற்றி என்றால் உறுதி, முன்னால் இருப்பவர் என்றால் பிடிவாதம், அங்கே இல்லாதவர் என்றால் முரட்டு முட்டாள்தனம் என்கிற மாதிரி.

அப்புறம் ஒற்று. ‘விடாத’ என்று முழுதாக இருந்தால் பின்னால் வல்லினம் மிகாது: விடாத பிடி, தீராத பகை, ஓயாத தொல்லை. கடைசி ‘த’ விழுந்துவிட்டால் மிகும்: விடாப்பிடி, தீராப் பகை, ஓயாத் தொல்லை. ‘விடாதப் பிடி’ என்று எழுதுவது இரண்டையும் கலந்துவிடுவதால் வரும் பிழை. தொடர் தோல்வி, தொடர் போராட்டம் போன்ற வினைத்தொகைகளிலும் மிகாது.

இவ்வளவும் தெரிந்த பிறகும் அன்றாட வாக்கியத்தில் பெயரடை தேவையா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது. “அவளுடைய விடாத முயற்சியின் காரணமாக வெற்றி கிடைத்தது” என்பதை “விடாமல் முயன்றாள், ஜெயித்தாள்” என்று எழுதினால், முயற்சி என்ற சொல்லுக்குள் ஒளிந்திருந்த ஆள் எழுவாயாக வெளியே வந்துவிடுகிறாள்.