பச்சைப் புள்ளி இருந்தால் பால் இல்லை என்று யார் சொன்னது?

"சீஸே போடவில்லை மேடம், வீட்டில்தான் வீகன் (பால், முட்டை என விலங்கிலிருந்து வரும் எதுவும் சேராத) பீட்சா செய்தோம்" என்ற சொற்களை வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கத்துப் பெற்றோரிடமிருந்து ஓர் உணவியல் நிபுணராக நான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டேன். சென்ற வாரம் வந்த பால் ஒவ்வாமையுள்ள சிறுவனுக்கு உதடு வீங்கி, கழுத்தெல்லாம் சிவந்து தடித்திருந்தது. தக்காளியும் குடைமிளகாயும் வெங்காயமும் மட்டுமே தூவியிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் கடையில் வாங்கிய பீட்சா பேஸின் (அடி ரொட்டியின்) உறையில், பொடி எழுத்தில், பால் பவுடர் என்று இருந்தது.

"பச்சைப் புள்ளி போட்டிருந்ததே" என்கிறார்கள். அந்தப் புள்ளி சைவ உணவு என்பதற்கான அடையாளம் மட்டுமே. பால், வெண்ணெய், நெய், பால் பவுடர், தேன் ஆகிய அனைத்தும் நம் நாட்டுச் சட்டப்படி சைவம்தான். ஆகவே பால் கலந்த பண்டத்துக்குப் பச்சைப் புள்ளி இடுவதில் தவறேதும் இல்லை. வீகன் உணவுக்கென்று தனி விதிமுறை 2022-இல் வந்து, அதற்குத் தனி முத்திரையும் இருக்கிறது. பால் ஒவ்வாமை உள்ள வீட்டில் புள்ளியைப் பார்த்துப் பொருள் வாங்காதீர்கள். உட்பொருள் பட்டியலில் பால் பவுடரையும், பாலின் புரதங்களான கேசின், வே புரதம் ஆகியவற்றையும் தேடுங்கள். உறையே இல்லாத பேக்கரி பேஸை வாங்கவே வேண்டாம். வெந்துவிட்டால் கெடுதல் போய்விடும் என்பதும் தவறு, ஏனெனில் கேசின் அடுப்புச் சூட்டுக்கு அசையாது.

பேஸை வீட்டிலேயே செய்வது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. 250 கிராம் மைதா, ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், முக்கால் தேக்கரண்டி உப்பு, ஏறக்குறைய 160 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர் ஆகியவை போதும். தண்ணீர் கொதிக்கக் கூடாது, ஈஸ்ட் செத்துவிடும். நம் ஊர் வெக்கைக்கு மாவு ஒரு மணி நேரத்தில் இருமடங்காக உப்பிவிடும். ஓவன் (சூட்டடுப்பு) இல்லாத வீட்டில் கனமான தோசைக்கல்லே போதும்: தட்டிய மாவைப் போட்டு, மேலே கொப்புளம் கிளம்பியதும் திருப்பி, வெந்த பக்கத்தில் பூண்டோடு சுண்டவைத்த தக்காளியைத் தடவி, மூடிபோட்டுச் சிறுதீயில் வையுங்கள். நெய் தடவிப் பழகிய கல்லாக இருந்தால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சீஸ் இல்லாமல் எப்படி என்று தயங்க வேண்டாம். நேப்பிள்ஸ் நகரத்தின் மரினாரா பீட்சாவில் தக்காளி, பூண்டு, ஒரிகானோ, ஆலிவ் எண்ணெய்தான், சீஸ் கிடையாது.

கெட்டித் தேங்காய்ப்பாலில் சோள மாவு கரைத்துக் காய்ச்சினால் சீஸ் போலக் குழைவாக வரும். ஆனால் பாலிலுள்ள புரதமும் கால்சியமும் அதில் கிடைக்காது. புரதத்துக்காக வேகவைத்த கொண்டைக்கடலையை மேலே தாராளமாகத் தூவுங்கள். முந்திரி விழுதுக்குத் தாவும் முன், பிள்ளைக்கு முந்திரியும் ஒவ்வாதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டபின் மூச்சிரைப்போ, தொடர் வாந்தியோ, முகவீக்கமோ வந்தால் கைவைத்தியம் பார்க்காமல் உடனே 108-ஐ அழையுங்கள். கையோடு அந்த உறையையும், அது குப்பைக் கூடைக்கே போயிருந்தாலும், எடுத்து வாருங்கள் அம்மா. பிள்ளைக்கு ஒவ்வாதது எதுவென்று கண்டுபிடிக்க அது எங்களுக்குத் தேவை.