‘லைசென்ஸ் வேண்டாம்’ என்று விற்கும் எலக்ட்ரிக் ஸ்கூட்டர்: பணம் கட்டும் முன் படியுங்கள்

“லைசென்ஸ் வேண்டாம், ஆர்சி வேண்டாம், இன்சூரன்ஸ் வேண்டாம்” என்று போர்டு வைத்திருக்கும் கடையில், தினமும் வேலைக்கு வேகமாகப் போய்வர ஒரு வண்டி சட்டப்படி கிடைக்காது. அப்படி வேகமாக ஓடும் வண்டியை அந்தக் கடையில் கொடுத்தால், அது சட்டத்துக்கு வெளியே கொடுக்கப்பட்ட வண்டி. மாதத் தவணையில் வாங்கி, தவணை முடிவதற்குள் வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் விட்டுவிட்டு அலைகிறவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். அவர்களில் ஒருவர்கூடச் சட்டத்தை ஏமாற்ற நினைத்தவர் இல்லை. கடைக்காரர் சொன்னதை நம்பியவர்கள்.

விதி சின்னதுதான். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால் அந்த பேட்டரி வண்டி மோட்டார் வாகனக் கணக்கில் வராது. இரண்டும் சேர்ந்து இருக்க வேண்டும். அந்த மாடலை அரசு அங்கீகரித்த சோதனை நிறுவனம் ஒன்று சோதித்துச் சான்றும் கொடுத்திருக்க வேண்டும். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகேட், நம் ஒரகடத்தில் ஜிஏஆர்சி ஆகியவை அப்படிப்பட்ட நிறுவனங்கள். இதில் எது தவறினாலும் அது மோட்டார் வாகனம்தான். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஹெல்மெட் எல்லாம் கட்டாயம்.

சிக்கல் தொடங்குவது டெலிவரி அன்றைக்கு. 25 வேகத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையிலோ அவிநாசி ரோட்டிலோ பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே போக முடியாது என்று வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். “லாக் எடுத்துத் தர்றேன் சார், ஐம்பது போகும்” என்பார்கள். சீட்டுக்கு அடியில், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஒன்றைப் பிரித்துவிட்டால் போதும், சில வண்டிகளில் வேகம் இரட்டிப்பாகிவிடும். வேறு சில மாடல்களில் மோட்டாரே 250 வாட்டுக்கு மேல் இருக்கும், ஸ்டிக்கர் மட்டும் 250 என்று சொல்லும். பில்லில் ‘இ-பைக், குறைந்த வேகம்’ என்று எழுதிவிடுவார்கள். பில் அவர்களைக் காப்பாற்றும். உங்களைக் காப்பாற்றாது.

அந்த ஒயரைப் பிரித்த நிமிடத்திலிருந்து நீங்கள் ஓட்டுவது பதிவில்லாத மோட்டார் வாகனம். பதிவு இல்லாததற்கு முதல் முறை 5,000 ரூபாய் வரை, லைசென்ஸ் இல்லாததற்கு 5,000, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 என்று மோட்டார் வாகனச் சட்டத்தில் அபராதம் இருக்கிறது. வண்டியை மாற்றியமைத்ததற்காக 182ஏ பிரிவில் உரிமையாளர் மீது தனியாக வழக்குப் போடலாம். விதிக்குப் பொருந்தாத வண்டியை விற்ற டீலருக்கும் அதே பிரிவில் வண்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. ஆனால் ரோட்டில் நிறுத்தப்படுவது வாங்கியவர்தான்.

அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். விபத்துதான் குடும்பத்தைச் சாய்க்கும். நீங்கள் ஓட்டிய வண்டி ஒருவர் மீது மோதிவிட்டால், இன்சூரன்ஸ் இல்லாத நிலையில் நஷ்டஈடு முழுவதும் உரிமையாளர் தலையில்தான் விழும். நீங்களே அடிபட்டாலும், பதிவான வண்டியின் பாலிசியோடு சேர்த்து எடுக்கக்கூடிய 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இந்த வண்டிக்குக் கிடையாது.

பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைக்காக வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். வேகம் கூட்டிய வண்டியில் மைனர் பிள்ளை பிடிபட்டால் 199ஏ பிரிவு வரும். பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. “பசங்களுக்குன்னே வந்த வண்டி” என்று சொல்லி விற்கிற யாரும் இதைச் சொல்வதில்லை.

பிடிபட்ட பிறகு “சரி, பதிவு செய்துவிடலாம்” என்று ஆர்டிஓ ஆபீஸ் போகிறவர்களின் அலைச்சல் தனிக்கதை. கவுண்டரில் படிவம் 22 கேட்பார்கள், அதாவது வண்டி விதிகளுக்கு உட்பட்டது என்று தயாரிப்பாளர் தரும் சான்று. டீலரிடம் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்பார். கம்பெனி போனை எடுக்காது. எடுத்தால், டீலரிடம் பேசுங்கள் என்பார்கள். அரை நாள் லீவு போட்டு மறுபடி போனால், இந்த மாடலே ‘வாகன்’ என்ற அரசின் வண்டிப் பதிவு போர்ட்டலில் இல்லை என்பார் கிளார்க். அவர் சொல்வது சரிதான்: வேகமான வண்டியாகச் சோதிக்கப்படாத மாடலைப் பிறகு பதிவு செய்ய வழியே இல்லை. அதை முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருந்தால் அலைந்தவரின் சம்பளமாவது மிஞ்சியிருக்கும்.

ஆகவே, தினப் பயணத்துக்கு வேகம் வேண்டுமென்றால் பதிவு செய்து பச்சை நம்பர் பிளேட் வரும் வண்டியைத்தான் வாங்க வேண்டும். 25 வேகத்துக்குள் தெருவுக்குள் போய்வந்தால் போதும் என்பவர் மட்டும் மற்றதைப் பார்க்கலாம். அப்போதும் சோதனைச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கி, மாடல் பெயர் பில்லோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். டெஸ்ட் ரைடில் வண்டியின் மீட்டரை நம்ப வேண்டாம். போனில் ஜிபிஎஸ் வேகம் காட்டும் ஆப் போட்டுப் பாருங்கள். 25 தாண்டினால் திரும்பிவிடுங்கள்.

பதிவாகும் வண்டியிலும் பொறிகள் உண்டு. பேட்டரி வண்டிகளுக்கு ஆர்சி கொடுப்பதற்கான கட்டணத்தை மத்திய அரசு 2021 ஆகஸ்டிலேயே ரத்து செய்துவிட்டது. தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கு கெடு வைத்துத் தரப்படுகிறது, நீங்கள் வாங்கும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள். ‘ஆர்டிஓ சார்ஜ்’ என்று மொத்தமாகப் பில்லில் ஒரு தொகை வந்தால், எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்பது அரசுக் கட்டணம் அல்ல. சார்ஜர் விலையில் அடங்குமா, தனியா என்பதையும் முன்பே கேளுங்கள். சார்ஜருக்குத் தனியாக வாங்கிய பணத்தைப் பெரிய நிறுவனங்களே 2023-இல் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது.

மானியத்திலும் இதே குழப்பம். மத்திய அரசின் பிஎம் இ-டிரைவ் திட்டம் 2024 அக்டோபரில் தொடங்கியது. பேட்டரியின் கொள்ளளவில் ஒவ்வொரு கிலோவாட்-மணிக்கும் (kWh) 5,000 ரூபாயாக இருந்த மானியம் 2025 ஏப்ரலில் 2,500 ஆனது, ஒரு வண்டிக்கு உச்சவரம்பு 5,000. இதற்கும் கெடு உண்டு, ஆகவே கடை போஸ்டரை நம்பாமல், அது முடிந்துவிட்டதா என்று திட்டத்தின் போர்ட்டலில் பாருங்கள். ‘லைசென்ஸ் வேண்டாம்’ வண்டிக்கு இந்த மானியம் கிடையவே கிடையாது, அதற்கென்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கும் வராது, பில்லிலேயே கழிய வேண்டும். ஓர் ஆதாருக்கு ஒரு வண்டிதான். வாங்குகிறவரின் முகத்தை ஷோரூமில் ஸ்கேன் செய்த பிறகே மானியத்துக்கான இ-வவுச்சர் வரும், அதனால் வீட்டில் இருக்கும் அம்மா பெயரில் வாங்க நினைத்தால் அம்மாவையும் அழைத்துப் போக வேண்டும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் முதலில் ரோட்டில் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஒயரை மறுபடி மாட்டி வைக்க மெக்கானிக்கைத் தேடாதீர்கள், வண்டி இருக்கும் நிலைதான் உங்கள் சாட்சி. கடைக்காரர் “50 போகும்” என்று அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, விளம்பர நோட்டீஸ், பில், மோட்டார் ஸ்டிக்கரின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். டீலருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதியுங்கள். அசையவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், டீலர் இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். “அடுத்த மாதம் பார்க்கலாம்” என்று டீலர் இழுப்பது அந்தக் காலம் கழியட்டும் என்றுதான்.