குத்தாத குல்லா

நான் முதன்முதலில் பின்னிய குல்லா பார்ப்பதற்குக் கடலைப் பொட்டலம் மாதிரி இருந்தது. பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்து, கோவையில் கீமோ ஆரம்பித்து, மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி கிடந்த நேரம் அது. அவர் இருப்பது கோத்தகிரியில், மாதம் டிசம்பர், குளிரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடையில் கிடைத்த உல்லன் நூல் இரண்டு உருண்டை, ஒரு குரோஷா ஊசி, யூடியூப் வீடியோ ஒன்று, இவ்வளவுதான் முதலீடு. நான்கு நாளில் முடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உச்சி கூம்பாக நின்றது, விளிம்பு கண்வரை வழுக்கி இறங்கியது, ஆனாலும் பெரியம்மா "நல்லாத்தான் இருக்கு கண்ணு" என்று போட்டுக்கொண்டார். மறுநாள் காலையில்தான் பார்த்தேன், குல்லாவுக்கு அடியில் பெரியப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுற்றியிருந்தார். குத்துகிறதாம்.

அன்றைக்கு வந்த வெட்கத்தில்தான் இதையெல்லாம் படிக்க ஆரம்பித்தேன். கூம்பு, வழுக்கல், குத்தல் என்று நான் செய்த மூன்று தப்புக்கும் தனித்தனியாகக் காரணம் இருக்கிறது, எதுவும் என் கைராசி சம்பந்தப்பட்டது இல்லை என்று தெரிந்தபோது கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது.

முதலில் அந்தத் தலையைப் பற்றி. நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. எந்த நேரத்தில் பார்த்தாலும் அதில் 85 முதல் 90 சதவீதம் வளரும் கட்டத்தில்தான் இருக்கும், மிச்சம்தான் ஓய்வில். வளரும் முடியின் வேரில் உள்ள செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பிரிந்து பெருகும் வகை. கீமோ மருந்துகளில் பலவற்றுக்குப் புற்றுச் செல், நல்ல செல் என்று ஆள் பார்க்கத் தெரியாது, வேகமாகப் பெருகுவது எதுவோ அதன்மேல் பாயும். டாக்சோரூபிசின், பாக்ளிடாக்சல் போன்ற மருந்துகளில் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டத் தொடங்குவது இதனால்தான். எல்லா கீமோவுக்கும் முடி கொட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேருக்குச் சற்று மேலே, மெதுவாகப் பிரியும் மூலச்செல்கள் ஒளிந்திருக்கின்றன. அவை அவ்வளவாக அடிபடாததால்தான் சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலானவர்களுக்கு முடி திரும்ப முளைக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. முடியைக் காப்பாற்ற ஒரு குளிர்த் தொப்பியும் இருக்கிறது. மருந்து ஏறும் நேரத்தில் தலைத்தோலை நன்றாகக் குளிர வைத்தால் அங்குள்ள ரத்தக் குழாய்கள் சுருங்கும், வேர்ச் செல்களின் வேகமும் மந்தமாகும், அவற்றுக்குப் போய்ச் சேரும் மருந்து குறையும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-ல் இப்படி ஒரு கருவிக்கு அனுமதி கொடுத்தது. எல்லோருக்கும் முழுதாகப் பலிப்பதில்லை, எல்லா ஊரிலும் கிடைப்பதும் இல்லை. பெரியம்மாவுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நமக்கு வேண்டியது சூடான தொப்பி.

உடம்புச் சூட்டில் பாதி தலை வழியாகத்தான் போகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அது அப்படி இல்லை. 1950-களில் அமெரிக்க ராணுவம் கடுங்குளிருக்கான உடுப்பை மாட்டிவிட்டுச் சோதனை செய்தது. தலை மட்டும் திறந்திருந்தது, சூடு வெளியேற வேறு வழியே இல்லை. அந்தக் கணக்கு 1970-ல் வந்த ராணுவக் கையேட்டில் 40 முதல் 45 சதவீதம் என்று ஏறி, அங்கிருந்து ஊரெல்லாம் பரவிவிட்டது. வளர்ந்தவர்களுக்குத் தலை உடம்பின் மேற்பரப்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, வெளியேறும் சூடும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு குல்லா தேவையில்லை என்று சொல்லிவிட முடியாது. சாதாரணக் குளிர் அடித்தால் கைவிரலில் ரத்தக் குழாய்கள் சட்டென்று சுருங்கிச் சூட்டைக் காப்பாற்றும், தலைத்தோலில் அந்த அளவுக்கு நடப்பதில்லை. அதோடு இத்தனை வருஷம் முடிக்குள் தேங்கிக் கிடந்த காற்றுதான் அந்தத் தலைக்குப் போர்வையாக இருந்தது, அது ஒரே வாரத்தில் போய்விட்டது. கீமோ ஏற்றும் வார்டின் ஏசியே தாங்கவில்லை என்றார் பெரியம்மா, அப்புறம் கோத்தகிரிப் பனி எப்படித் தாங்கும்?

இப்போது குத்தலுக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கம்பளி குத்தினால் அலர்ஜி என்று சொல்லிவிடுவது வழக்கம். பெரும்பாலும் அலர்ஜி இல்லை, அது வெறும் இயந்திரவியல். நூலிலிருந்து சின்னச் சின்ன இழை நுனிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். தோலில் பட்டதும் மெல்லிய இழை வளைந்து கொடுத்துவிடும். தடித்த இழை வளையாமல் நின்று தோலை அழுத்தும். அழுத்தம் சுமார் 75 மில்லிகிராம் எடைக்கு ஈடாகும்போது தோலுக்குச் சற்றுக் கீழே உள்ள வலி நரம்பு விழித்துக்கொள்கிறது, அதைத்தான் நாம் குத்துகிறது, அரிக்கிறது என்கிறோம். ஓர் இழை வளையாமல் எவ்வளவு தாங்கும் என்பது அதன் விட்டத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 மைக்ரான் இழை 30 மைக்ரான் ஆனால் ஒன்றரை மடங்கு தடிமன்தான், ஆனால் விறைப்பு ஐந்து மடங்கு. 40 மைக்ரான் ஆனால் பதினாறு மடங்கு! அதனால்தான் இரண்டு நூலும் விரலில் தொட்டுப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரிந்தும், கழுத்தில் வைத்தால் ஒன்று தேவலாம், இன்னொன்று முள். துணி ஆராய்ச்சியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு எளிது: இழைகளில் 30 மைக்ரானைத் தாண்டியவை 5 சதவீதத்துக்கு மேல் போனால் பலருக்குக் குத்தும். நம் தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான், முடி வெட்டிய அன்றைக்குச் சட்டைக்குள் விழுந்த துணுக்குகள் பாடாய்ப் படுத்துவதை நினைத்துப் பாருங்கள்.

முடி இழந்த தலைத்தோல் இதைவிட மோசமான நிலையில் இருக்கிறது. முடிவேர் ஒவ்வொன்றையும் சுற்றி நரம்பு நுனிகள் நெருக்கமாக உண்டு. முடி கொட்டும் சமயத்தில் தலைத்தோல் தொட்டாலே வலிக்கிறது என்று பலர் சொல்கிறார்கள், மருந்தால் தோல் வறண்டும் போயிருக்கும். இத்தனை நாள் துணிக்கும் தோலுக்கும் நடுவில் இருந்த முடி என்னும் மெத்தையும் கிடையாது. வியர்த்தால் தோல் ஊறி இன்னும் மென்மையாகி இழை நுனி சுலபமாக இறங்கும். ஆகவே விரலால் தொட்டுப் பார்த்து நூல் வாங்காதீர்கள். விரல் நுனித் தோல் தடித்தது, அது பொய் சொல்லும். மணிக்கட்டின் உள்பக்கமோ கழுத்திலோ இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள், கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தால் பார்க்கட்டும்.

நூலில் எது நல்லது என்றால், ஊரைப் பொறுத்தது. நம் கடைகளில் உல்லன் என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக், அதாவது பெட்ரோலிய வழி வந்த செயற்கை இழை. நல்ல பேபி அக்ரிலிக் மிகவும் மென்மையாக இருக்கும், மெஷினில் துவைக்கலாம், விலையும் குறைவு. ஆனால் ஈரத்தை உள்ளே வாங்காது, வியர்த்தால் கசகசக்கும். பருத்தி இழை 20 மைக்ரானுக்குள்தான், குத்தவே குத்தாது, ஆனால் அதற்குத் தன்னால் சுருங்கும் குணம் இல்லை, நான்கு தடவை போட்டுக் கழற்றினால் தொளதொளத்துவிடும். சென்னைக்கோ மதுரைக்கோ பின்னுவதானால் நான் பருத்திக்குத்தான் போவேன். மலைக்கு மெரினோ. நல்ல மெரினோ ஆட்டின் கம்பளி 20 மைக்ரானுக்குப் பக்கத்தில் இருக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்குவரை நீராவியை இழுத்துக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. இயல்பாகவே சுருள் சுருளாக இருப்பதால் இழுத்துவிட்டால் திரும்பி வரும். யோசித்துப் பார்த்தால், கம்பளி என்பதும் கெரட்டின் என்ற புரதம்தான், கொட்டிப்போன முடியும் அதே கெரட்டின்தான்.

சூட்டைத் தருவது நூல் என்று நினைக்கிறோம், உண்மையில் நூல் பிடித்து வைத்திருக்கும் காற்று. அசையாத காற்றைப் போல மலிவான வெப்பத்தடை வேறில்லை. தண்ணீர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், நனைந்த குல்லா உதவாமல் போவது இதனால்தான். ஆக, காற்று உள்ளே இருக்கவும் வேண்டும், ஓடிவிடவும் கூடாது. குரோஷாவுக்கு இதில் ஒரு சாதகம் உண்டு. இரண்டு ஊசி வைத்துப் போடும் நிட்டிங்கில் ஒரு வரிசைக் கண்ணிகள் எல்லாம் திறந்தே கிடக்கும். குரோஷாவில் ஊசியில் ஒரே ஒரு கண்ணிதான் உயிரோடு இருக்கும், மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக முடிந்துகொண்டே வரும். அதனால் துணி தடிமனாக, காற்றுப் பைகள் நிறைந்ததாக வருகிறது. நூல் அதிகம் இழுக்கும், நிட்டிங் அளவுக்கு நீளாது, அது அதன் விலை. டபுள் என்னும் உயரமான கண்ணியைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் நடுவே ஜன்னல் ஜன்னலாக ஓட்டை விழும், காற்று அடித்தால் எல்லாம் வீண். நான் இப்போது அதைவிடக் குட்டையான ஹாஃப் டபுள்தான் போடுகிறேன். பின்னியதைப் பல்புக்கு நேரே பிடித்துப் பார்ப்பேன், வெளிச்சம் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் சரி, பல்பே தெரிந்தால் பிரித்துவிட வேண்டியதுதான்.

கடலைப் பொட்டலத்துக்கு வருவோம். குல்லாவை உச்சியில் தொடங்கி வட்டமாகப் பின்னிக்கொண்டு போகிறோம். ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூட வேண்டும், பள்ளியில் படித்த அதே பை. சிங்கிள் குரோஷா கண்ணியின் உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒன்று. ஆகவே சுற்றுக்கு 6 கண்ணி கூட்டினால் வட்டம் தட்டையாக நிற்கும். பாட்டிமார் யாரும் பை பற்றிப் பேசி நான் கேட்டதில்லை, ஆனால் எல்லோர் கையிலும் இந்த 6 இருக்கிறது. டபுள் கண்ணி அகலத்தைப் போல இரண்டு மடங்கு உயரம், எனவே 12 கூட்ட வேண்டும். நடுவில் இருக்கும் ஹாஃப் டபுளுக்கு 8 போதும்.

நான் பார்த்த வீடியோவில் பேசியவர் பிரிட்டிஷ் முறைக்காரர். அவர் டபுள் என்று சொன்னது அமெரிக்க முறையில் சிங்கிள். இந்தப் பெயர்க் குழப்பம் தெரியாமல் நான் உயரமான கண்ணியைப் போட்டுக்கொண்டு, அவர் சொன்னபடி சுற்றுக்கு 6 மட்டும் கூட்டினேன். தேவையான சுற்றளவில் பாதிதான் கிடைத்தது. வட்டக் காகிதத்தைப் பாதியாக வெட்டிச் சுருட்டினால் என்ன வரும்? கூம்புதான். கோபத்தில் பிரித்துவிட்டு, இரண்டாவது முயற்சியில் இஷ்டத்துக்குக் கூட்டித் தள்ளினேன், அது புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக நெளிந்தது. அந்த நெளிவுக்கும் கணிதத்தில் மரியாதையான இடம் இருக்கிறது. 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டைனா டைமினா என்ற லாட்வியக் கணித ஆசிரியர், கண்ணியை வேண்டுமென்றே அதிகமாகக் கூட்டிப் பின்னி, அதிபரவளையத் தளம் என்ற வடிவத்தை மாணவர்கள் கையில் எடுத்துப் பார்க்கும்படி செய்தார். அவர் வேண்டுமென்று செய்ததை நான் வேண்டாமலே செய்திருக்கிறேன்.

தலை கூம்பும் இல்லை, நெளிவும் இல்லை, கோளத்துக்குப் பக்கம். அதனால் கொஞ்ச தூரம் தட்டையாகப் போய், பிறகு கூட்டுவதைக் குறைத்து, அப்புறம் நிறுத்திவிட வேண்டும். எங்கே நிறுத்துவது என்பதற்கும் பைதான். பெரியம்மாவின் தலைச் சுற்றளவு 55 செ.மீ. துணி சற்று நீண்டு தலையைப் பிடிக்க வேண்டும் என்பதால் குல்லாவுக்கு 51 என்று வைத்துக்கொண்டேன். 51-ஐ 3.14-ஆல் வகுத்தால் 16 செ.மீ. சொச்சம், உச்சி வட்டம் அந்த அகலம் வந்ததும் நிறுத்தம். முதல் குல்லா வழுக்கியதற்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. என் தலையில் போட்டு அளவு பார்த்திருந்தேன், என் முடியோடு! முடி இல்லாத தலை சுற்றளவில் குறைவு, உராய்வும் குறைவு. சரி, இறுக்கிவிடலாம் என்றால் நெற்றியில் தடம் விழும், தலைவலி வரும். அதற்காக விளிம்பில் மட்டும் கண்ணியின் பின் இழையில் ஊசி விட்டுப் பின்னினேன். அப்படிச் செய்தால் துணி விசிறி மாதிரி மடிந்து விரியும், குறைந்த அழுத்தத்தில் அகலமாகப் பிடிக்கும். ஆழமும் வழக்கத்தைவிட இரண்டு செ.மீ. கூட்டினேன், முன்பு முடி மறைத்த பிடரியை இப்போது குல்லாதான் மறைக்க வேண்டும்.

முடிச்சு எதுவும் உள்பக்கம் வரக்கூடாது, தூங்கும்போது உறுத்தும். பொத்தான், மணி வேண்டாம். முடித்ததும் வாசனை இல்லாத சோப்பில் அலசிக் காயவைத்துக் கொடுங்கள், கீமோ நாட்களில் ஊதுபத்தி வாசனைக்கே சிலருக்குக் குமட்டும், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வாரங்களில் தூசியும் ஆகாது. சாதாரணக் கம்பளி வெந்நீரில் போட்டால் இழைச் செதில்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு சுருங்கிவிடும், அதற்காகச் செதிலை மழுங்கடித்த சூப்பர்வாஷ் நூல் என்று கேட்டு வாங்கினேன்.

அந்தக் குல்லாவைப் பெரியம்மா மார்கழி, தை முழுக்கக் கழற்றவில்லை, வேட்டித் துணியும் திரும்ப அலமாரிக்குப் போனது. சிகிச்சை முடிந்து நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் போனில், "குல்லா சின்னதாப் போயிருச்சு கண்ணு, நெத்தியப் பிடிக்குது" என்றார். சூப்பர்வாஷ் என்று சொல்லி விற்றவர் ஏமாற்றிவிட்டார் போல என்று எனக்கு ஆத்திரம், வெந்நீரில் போட்டீர்களா பெரியம்மா என்று கேட்டேன். இல்லையாம், பச்சைத் தண்ணீரில்தான் அலசுகிறாராம். வீடியோ காலில் வரச் சொன்னேன். குல்லாவைக் கழற்றிக் காட்டினார். தலை முழுக்க ஓர் அங்குலத்துக்கு முடி, அதுவும் முன்பு எப்போதும் இல்லாத சுருட்டை.