கரும் ஆற்றல் மாறுகிறதா? மூன்று அளவுகள் ஒத்துப்போகாத இடம்

பேரண்டம் விரிவது மட்டுமல்ல, அந்த விரிவு முடுக்கமும் பெறுகிறது என்பது 1998-இல் தெரியவந்தது. தொலைதூரச் சூப்பர்நோவாக்கள், அதாவது வெடித்துச் சிதறும் விண்மீன்கள், எதிர்பார்த்ததைவிட மங்கலாக, எனவே அதிகத் தொலைவில் இருந்ததே தடயம். முடுக்கத்துக்குக் காரணமானதைக் கரும் ஆற்றல் என்றார்கள். வெளி எவ்வளவு விரிந்தாலும் ஒவ்வொரு கன மீட்டரிலும் அதன் அளவு மாறாது என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. அந்த எளிய கணக்கு கால் நூற்றாண்டு தாக்குப்பிடித்தது. இப்போது அதில் ஒரு கீறல் தெரிகிறது.

இதைச் சோதிக்க, பேரண்டம் எந்தெந்தக் காலத்தில் எவ்வளவு வேகமாக விரிந்தது என்று அளக்க வேண்டும். அதற்கு நீளம் தெரிந்த ஓர் அளவுகோல் வேண்டும். அதை இயற்கையே விட்டுவைத்திருப்பதுதான் இதில் வியப்பு. முதல் 3,80,000 ஆண்டுகள் ஒளியும் பொருளும் சூடான பிளாஸ்மாவாகப் பிணைந்திருந்தன. அதில் ஒலியலைகள் ஓடின. அணுக்கள் உருவாகி ஒளி விடுபட்டதும் அலைகள் அப்படியே நின்றுவிட்டன. அவை அன்று கடந்திருந்த தூரம் இன்று ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டாக விரிந்திருக்கிறது. இந்த இடைவெளியில் விண்மீன் மண்டலங்கள் சற்றே அதிகமாகக் காணப்படும். வானில் அது எவ்வளவு கோணத்தில் தெரிகிறது என்று பார்த்தால் தூரம் கிடைக்கும். அங்கிருந்து வரும் ஒளியின் அலைநீளம் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதே செம்பெயர்ச்சி. அந்த ஒளி புறப்பட்டபின் பேரண்டம் எத்தனை மடங்கு விரிந்தது என்று அது சொல்லும்.

அந்த 'சற்றே அதிகம்' மிக மெல்லியது. லட்சக்கணக்கான மண்டலங்களை அளந்தால்தான் புலப்படும். அரிசோனாவின் கிட் பீக் மலையில், 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் பொருத்தப்பட்ட டெசி கருவி இதற்காகவே உருவானது. 5,000 சிறு ரோபோக்கள் ஆளுக்கொரு ஒளியிழையை ஒவ்வொரு இலக்கின் மீதும் குறிவைக்கும். முடிவை முன்பே பார்த்தால் மனம் அதன் பக்கம் சாயும் என்பதால், பகுப்பாய்வு முறை உறுதியாகும்வரை உண்மையான விடை தங்களுக்கே தெரியாதபடி குழுவினர் தரவை மாற்றி வைத்திருந்தார்கள். இந்த ஒழுக்கமே முடிவுகளை நம்பிப் படிக்க வைக்கிறது.

2025 மார்ச்சில், 1.4 கோடிக்கும் மேற்பட்ட மண்டலங்கள், குவாசர்களிலிருந்து (மிகப் பிரகாசமான மண்டல மையங்கள்) முடிவு வந்தது. டெசி தரவைத் தனியே பார்த்தால் அது மாறாத கரும் ஆற்றலோடு முரண்படவில்லை. மற்ற அளவுகளோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் சிக்கல். பேரண்டத்தில் பொருளின் பங்கு டெசி கணக்கில் சுமார் 30 சதவீதம். அணுக்கள் உருவானபோது விடுபட்ட ஒளியின் எச்சமான அண்ட நுண்ணலைப் பின்னணியில் 31.5, சூப்பர்நோவாக்களில் 33-க்கும் மேல். கரும் ஆற்றல் முன்பு வலுவாக இருந்து இப்போது தளர்ந்துவருகிறது என்று அனுமதித்தால் மூன்றும் ஒத்துப்போகின்றன. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து இதன் வலு 2.8 முதல் 4.2 சிக்மா வரை. சிக்மா எண் கூடக் கூட, முடிவு வெறும் தற்செயலாக இருக்கும் வாய்ப்பு குறையும். கண்டுபிடிப்பு என்று அறிவிக்க 5 சிக்மா வேண்டும்.

என் ஐயம் சூப்பர்நோவாக்கள் மீதுதான். அருகிலுள்ளவை பல ஆண்டுகளாகப் பல தொலைநோக்கிகளில் பதிவானவை. தொலைவிலுள்ளவை வேறு கேமராவில். இரண்டுக்கும் நடுவே ஒளியளவில் சில சதவீதப் பிசகு இருந்தாலே கரும் ஆற்றல் மாறுவதுபோலத் தோன்றிவிடும். 4.2 தந்த தொகுப்பை அதன் குழுவே மறுபடி அளவுதிருத்தம் செய்தபோது அது 3.2 ஆக இறங்கியது. ஆனால் சூப்பர்நோவாக்களை அறவே விலக்கி, டெசியையும் நுண்ணலைப் பின்னணியையும் மட்டும் சேர்த்தாலும் 3.1 சிக்மா மிஞ்சுகிறது. அதனால் இதை ஒதுக்கிவிடவும் முடியாது. சிலியில் உள்ள ரூபின் ஆய்வகம் அருகிலுள்ள, தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்களை ஒரே கேமராவில் பிடிக்கும். இரு தொகுப்புகளை ஒட்டவைக்கும் பிசகுக்கு அங்கே இடம் குறைவு.