ஃபைலை அழித்தும் இடம் காலியாகாதது ஏன்?

நெட்வொர்க் ஸ்டோரேஜில் 10 டெராபைட் வால்யூம் ஒன்று. கமாண்ட் லைனில் ஒரே வரி அடித்து அதற்கு ஸ்னாப்ஷாட், அதாவது அந்தக் கணத்தில் அது இருந்த நிலையின் பதிவு, எடுக்கிறோம். எண்டர் தட்டிய கையோடு வேலை முடிந்துவிடுகிறது. அந்த வேகத்தில் 10 டெராபைட்டை நகலெடுக்க எந்த டிஸ்காலும் முடியாது. அங்கே தரவு எதுவுமே நகலாகவில்லை. இந்த நொடியில் இருக்கும் பிளாக்குகளில் (தரவைச் சேமிக்கும் சிறு துண்டுகளில்) இனி கை வைக்காதே என்று ஸ்டோரேஜுக்கு ஓர் உத்தரவு போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். ஸ்னாப்ஷாட்டின் வசதிகளும் வில்லங்கங்களும் எல்லாம் இந்த உத்தரவிலிருந்தே வருகின்றன.

வால்யூம் என்பது சின்னச் சின்ன பிளாக்குகளும், எந்த பிளாக் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி அட்டவணையும் சேர்ந்தது. ஸ்னாப்ஷாட்டுக்கு அந்த அட்டவணையின் அன்றைய நிலையைக் காப்பாற்றினால் போதும். சரி, அதற்குப் பிறகு யாராவது பழைய பிளாக்கின் மேல் எழுத வந்தால்?

டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்துத் தரும் லினக்ஸின் எல்விஎம்மில் உள்ள பழைய வகை ஸ்னாப்ஷாட், இருக்கும் தரவை முதலில் படித்து, தனியாக ஒதுக்கிய இடத்தில் எழுதி வைத்துவிட்டு, அப்புறம்தான் புதியதை அனுமதிக்கும். ஒரு பகுதியை முதல் தடவை மாற்றும்போது, ஒரு முறை எழுத வேண்டியது ஒரு முறை படித்து இரு முறை எழுதுவதாக ஆகிவிடுகிறது. ஒதுக்கிய இடம் நிரம்பிவிட்டால் ஸ்னாப்ஷாட்டே செல்லாததாகிவிடும். அதனால் இதை வைத்திருப்பவர்கள் அந்த இடம் எவ்வளவு நிரம்பியது என்று 'எல்விஎஸ்' கட்டளை காட்டும் சதவீதத்தை அடிக்கடி பார்த்தாக வேண்டும்.

நெட்ஆப் நிறுவனம் 1990களில் வாஃபில் என்ற கோப்பு முறைமையில் வேறு வழியில் போனது. 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட இசட்எஃப்எஸ்ஸும் அதே வழிதான்: இருப்பதன் மேல் எழுதவே எழுதாது. மாற்றம் எல்லாம் காலி இடத்துக்குப் போகும், அட்டவணையில் முகவரி மட்டும் புதிய இடத்தைக் காட்டும்படி மாறும். ஸ்னாப்ஷாட் இருந்தால், பழைய பிளாக்கைக் காலி என்று விடாமல் வைத்துக்கொள்ளும். எனக்கு இதுதான் அழகான வடிவமைப்பு. ஸ்னாப்ஷாட்டுக்கென்று தனிச் சுமை ஏறுவதே இல்லை.

இடக் கணக்கு குழப்புவதும் இங்கேதான். டிஸ்க் நிரம்புகிறது என்று 40 ஜிபி ஃபைல் ஒன்றை அழிக்கிறீர்கள். காலி இடம் கூடவே இல்லை. அழிந்தது இன்றைய பட்டியலில் இருந்த பெயர்தான். ஞாயிறும் திங்களும் எடுத்த இரண்டு ஸ்னாப்ஷாட்கள் அந்த பிளாக்குகளை இன்னும் பிடித்து வைத்திருக்கின்றன. 'இசட்எஃப்எஸ் லிஸ்ட்' கட்டளையில் ஸ்னாப்ஷாட்களையும் காட்டச் சொல்லிப் பார்த்தால் இரண்டுக்கும் நேரே சில கிலோபைட்தான் காட்டும். பொய்யில்லை. அந்த எண், அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டை மட்டும் அழித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைச் சொல்வது. ஞாயிறை அழித்தாலும் திங்கள் விடாது, திங்களை அழித்தாலும் ஞாயிறு விடாது. இரண்டும் போனால்தான் 40 ஜிபி திரும்பும். 'இசட்எஃப்எஸ் டெஸ்ட்ராய்' கட்டளையோடு ஹைஃபன் போட்டு என்வி சேர்த்து, எங்கிருந்து எதுவரை என்று வரிசையைக் கொடுத்தால், எதையும் அழிக்காமலே எவ்வளவு மிச்சமாகும் என்று சொல்லிவிடும். அழிக்கும் கட்டளை எதையும் முதலில் இப்படி ஒத்திகை பார்ப்பது நல்ல பழக்கம்.

பின்னோக்கித் திரும்பும் 'ரோல்பேக்' கட்டளையில் இன்னும் கவனம் வேண்டும். இசட்எஃப்எஸ்ஸில் பழைய ஸ்னாப்ஷாட் ஒன்றுக்குத் திரும்பினால், அதற்குப் பின் எடுத்தவை எல்லாம் அழிந்துபோகும். பல சர்வர்களில் தரவைப் பரப்பி வைக்கும் செஃப் ஸ்டோரேஜில், வால்யூம் போன்ற ஆர்பிடி இமேஜிலோ ரோல்பேக் என்றால் பழைய தரவை எடுத்து இன்றையதன் மேல் எழுதுவது. இமேஜ் பெரிதாக ஆக நேரமும் நீளும். தொலைந்த ஒரு ஃபைலுக்காக இவ்வளவு தூரம் போக வேண்டாம். ஸ்னாப்ஷாட்டிலிருந்து குளோன், அதாவது எழுதக்கூடிய ஒரு பிரதி, எடுத்து, அதிலிருந்து வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

டிஸ்கை நெட்வொர்க் வழியே சர்வருக்குத் தரும் ஐஸ்கஸி முறையில் வால்யூம் கொடுக்கும்போது நடுவில் நெட்வொர்க் இருப்பதால் ஒரு சிக்கல் உண்டு. ஸ்டோரேஜுக்குத் தெரிவது வெறும் பிளாக்குகள். சர்வரின் நினைவகத்தில் இன்னும் எழுதப்படாமல் நிற்கும் தரவு அதன் கண்ணில் படாது. அந்த நேரத்தில் எடுத்த ஸ்னாப்ஷாட், மின்சாரம் திடீரென்று போன டிஸ்க் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். சர்வரில் 'எஃப்எஸ்ஃப்ரீஸ்' கொடுத்து எழுதுவதை ஒரு கணம் நிறுத்தி, ஸ்னாப்ஷாட் எடுத்து, உடனே விடுவித்தால் கோப்பு முறைமை ஒழுங்காக இருக்கும். டேட்டாபேஸ் ஓடினால் அதையும் தயார்படுத்த வேண்டும்.

ஸ்னாப்ஷாட் மூல வால்யூமின் பிளாக்குகளையே நம்பியிருப்பதால், டிஸ்குகள் மொத்தமாகப் போனால் அதுவும் சேர்ந்தே போகும். பேக்கப் ஆக வேண்டுமென்றால் வேறு இயந்திரத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும். அதற்கு இசட்எஃப்எஸ்ஸின் 'சென்ட்' கட்டளை இருக்கிறது. ஒவ்வொரு முகவரியோடும் அந்த பிளாக் எப்போது பிறந்தது என்ற குறிப்பும் உண்டு. அதனால் மரம்போல் கிளைவிடும் அந்த முகவரி அட்டவணையில், நேற்றைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் மாறாத கிளைகளுக்குள் நுழையாமலே தாண்டிப்போய், மாறியதை மட்டும் அனுப்பும். ஆனால் நேற்றையது பொதுவாக இரு பக்கமும் இருந்தாக வேண்டும்; யாராவது அதை அழித்துவிட்டு, இரு பக்கத்துக்கும் பொதுவான வேறொன்றும் இல்லையென்றால் மறுபடி முழுதாக அனுப்ப வேண்டியதுதான். 'இசட்எஃப்எஸ் ஹோல்ட்' போட்டுவிட்டால், விடுவிக்கும்வரை அதை அழிக்க முடியாது.